டிரம் இல்லாத பாட்டை எப்படி எடைபோடுவது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு ராப் ஆல்பத்தை அனுப்பி வைத்தார். பேருந்தில் நின்றபடி, ஒற்றைக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த சிறு துணுக்கு சுற்றிச் சுற்றி வந்தது. அதன் மேல் ஒருவர், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பதைப் போல, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். டிரம் மட்டும் வரவே இல்லை. கோப்பு ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து, "முழுசா அனுப்புங்க" என்று செய்தி போட்டேன். "அதுதான் முழுசு" என்று பதில் வந்தது.

அந்தக் குரலுக்கு உரியவர் நியூயார்க்கின் புரூக்ளினில், பிரவுன்ஸ்வில் பகுதியில் வளர்ந்த காசீம் ரயன். மேடைப் பெயர் கா. தமிழில் 'கா' என்பது ஓரெழுத்து ஒருமொழி, 'காப்பாற்று' என்றும் அதற்குப் பொருள் உண்டு. அவரோ நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்தவர். தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. தொண்ணூறுகளில் குழுக்களோடு பாடி, எதுவும் கைகூடாமல் ஒதுங்கியவர் அவர். 2008இல் 'அயர்ன் வொர்க்ஸ்' என்ற ஆல்பத்தைத் தம் சொந்தச் செலவில் கொண்டுவந்தார். அதற்குப் பின் 2024 அக்டோபரில் 52 வயதில் காலமாகும்வரை ஏறத்தாழ எல்லாவற்றையும் தாமே செய்து தாமே விற்றார். அப்படிப்பட்ட ஒருவரின் ஆல்பத்தைப் பழுதான கோப்பு என்று நான் எண்ணியதிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது. கையில் வந்த ஒரு சுயாதீன வெளியீட்டில் ஏதோ ஒன்று இல்லை என்றால், அது இயலாமையால் இல்லாமல் போனதா, வேண்டாம் என்று எடுக்கப்பட்டதா? அண்டர்கிரவுண்ட் ஹிப் ஹாப் எனப்படும் ராப் இசையை மதிப்பிடுவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதுதான் என்பது என் துணிபு.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். 'அண்டர்கிரவுண்ட்', 'சுயாதீனம்' ஆகிய இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறோம். சுயாதீனம் என்பது பணக் கணக்கு: பதிவுக்கு யார் செலவிட்டார், மூலப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பது. அண்டர்கிரவுண்ட் என்பது யாரை நோக்கிப் பாடுகிறோம் என்ற மனநிலை. ஒன்று இருக்குமிடத்தில் மற்றது இருந்தே தீரும் என்பதில்லை. 1997இல் கம்பெனி ஃப்ளோ என்ற ராப் குழுவின் 'ஃபன்க்ரஷர் பிளஸ்' ஆல்பம் வெளியானபோது, பெரிய நிறுவனங்களுக்கு அடங்காத ராப்புக்கு அதுவே கொடியாக ஏந்தப்பட்டது. அதை வெளியிட்ட ராக்கஸ் லேபிளுக்கோ (லேபிள் என்றால் இசை வெளியீட்டு நிறுவனம்), ஊடக முதலாளி ரூப்பர்ட் மர்டாக்கின் மகன் ஜேம்ஸ் மர்டாக் பணம் போட்டிருந்தார். அதனால் அந்த ஆல்பம் ஒரு மாற்றுக் குறைந்துவிடவில்லை. கரடுமுரடான அதன் பீட்டுகள், அதாவது குரலுக்குப் பின்னால் ஓடும் இசை, இன்றும் காதை உரசுகின்றன. அட்டையில் 'சுயாதீனம்' என்று அச்சிட்டிருப்பது பாட்டின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் புதிய பாட்டு எப்படிக் கண்ணில் பட்டது? நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூகேசிஆர் வானொலியில், 1990 முதல் 1998 வரை, வியாழன் நள்ளிரவு தாண்டி 1 மணியிலிருந்து 5 மணிவரை ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோ கார்சியாவும் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பின்னாளில் உலகம் அறிந்த ராப் பாடகர்களான நாஸ், ஜே-சி போன்றவர்களை, ஆல்பம் எதுவும் வராத காலத்திலேயே அங்கே கேட்க முடிந்தது. தூக்கம் விழித்தவர்கள் கேசட்டில் பதிந்தார்கள்; அந்தக் கேசட்டுகள் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தன. 1994இல் திறந்து 2010இல் மூடிய ஃபேட் பீட்ஸ் என்ற நியூயார்க் இசைத்தட்டுக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் நின்றவர் எதைச் சுழலவிடுகிறாரோ அதுவே பரிந்துரை. இசைத்தட்டு அச்சடிக்கப் பணம் வேண்டும் என்பதால் அந்தப் பணமே ஒரு சல்லடையாக இருந்தது. நல்ல சல்லடை என்று சொல்ல மாட்டேன். பணம் இல்லாத எத்தனை பேரின் பாட்டு அதில் தங்காமல் போனதோ!

இந்த இடத்தில் ஹூஸ்டன் நகரத்து டி.ஜே. ஸ்க்ரூவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் எழுப்பிய கேள்விக்கு அவரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தொண்ணூறுகளில் அவர் மற்றவர்களின் பாடல்களை வேகம் குறைத்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளைச் சற்று முன்பின்னாக ஓடவிட்டு, சொற்கள் திக்கித் திரும்பும்படி வெட்டிச் சேர்த்துக் கேசட்டுகளாகத் தம் வீட்டிலிருந்தே விற்றார். இரவில் அவர் வீட்டு வாசலில் கார்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்த போலீஸ், போதைப்பொருள் விற்பனை என்றே சந்தேகப்பட்டது. 1998இல் அவர் தனிக்கடை திறந்தார், 2000இல் மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகள் இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அந்தக் கேசட்டுகளின் இணையப் பிரதிகளைக் கேட்டால் இரண்டு விஷயங்கள் உடனே காதில் விழும்: ஒன்று இரைச்சல், மற்றது மந்தம். இரைச்சல், பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுத்ததில் படிந்த அழுக்கு. மந்தமோ அவர் விரலால் உண்டாக்கியது. மந்தத்தைக் குறை என்று தள்ளுபவர் ஸ்க்ரூவையே இழக்கிறார். இரைச்சலையும் கலை என்று கொண்டாடுபவர் அழுக்குக்கு மாலை போடுகிறார். இன்று கணினியில் பதிவு செய்துவிட்டு, மென்பொருளால் கேசட் இரைச்சலைத் தூவிக்கொள்ளும் இளைஞர்கள் ஏராளம். அவர்களைக் கேட்கும்போது எனக்குப் புது வேட்டியில் காவி தோய்த்துக் கட்டிக்கொண்ட சாமியார்தான் நினைவுக்கு வருகிறார்.

இப்போது சல்லடையே இல்லை. ஸ்ட்ரீமிங் தளங்களில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் பாடல்களுக்கு மேல் ஏறுவதாகத் துறைசார்ந்த கணக்குகள் சொல்கின்றன. ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு 2024 முதல் காசு கிடையாது. தனக்கு வரவேண்டிய தொகையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் பாட்டைக் கூடுதலாகப் பரிந்துரைக்கும் ஏற்பாடும் அதே தளத்தில் உண்டு. ஆகவே, தளம் தானாக முன்வந்து நீட்டுகிற பாட்டு, உங்கள் ரசனையை அறிந்து வந்ததா, விட்டுக்கொடுத்த காசின் பலத்தில் வந்ததா என்பதைப் பார்த்தவுடன் சொல்ல இயலாது. கேட்டவர் எண்ணிக்கை பெரிதாக இருப்பது நற்சான்று அல்ல. அது சிறிதாக இருப்பதும் நற்சான்று அல்ல. இந்த இரண்டாவதை நம் அண்டர்கிரவுண்ட் அன்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நாற்பது பேர் கேட்ட மோசமான ஆல்பம் மோசமான ஆல்பம்தான்.

நான் தேடும் வழி பழையது: பெயர்களைத் தொடர்வது. பாடகரைவிடப் பீட் செய்தவரின் பெயர் அதிக தூரம் கூட்டிச் செல்லும். காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அவர் பிரிசர்வேஷன் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து 'டாக்டர் யென் லோ' என்ற பெயரில் ஓர் ஆல்பம் செய்தார். பிரிசர்வேஷன் யார் என்று தேடினால், அவர் ஹாங்காங்கில் வாழ்ந்த நாட்களில் அங்கே திரட்டிய பழைய இசைத்தட்டுகளைக் கொண்டு 2020இல் உருவாக்கிய ஆல்பம் கிடைக்கிறது. அதில் பாடியவர்களின் பட்டியலில் மாக்-ஹோமி, பில்லி வுட்ஸ் ஆகிய பெயர்கள் இருக்கின்றன. அதே பிரிசர்வேஷன் 2022இல் பில்லி வுட்ஸுக்கு முழு ஆல்பம் ஒன்றைத் தயாரித்திருக்கிறார். வுட்ஸை எட்டிவிட்டால், அவர் நடத்தும் பேக்வுட்ஸ் ஸ்டுடியோஸ் என்ற லேபிளின் கதவு திறக்கிறது. ஒரு பெயரில் தொடங்கி, ஒரு மாலைப்பொழுதில், ஆறு மாதத்துக்குப் போதுமான பாட்டு சேர்ந்துவிடுகிறது. எந்த விளம்பரமும் இந்த வழியில் குறுக்கிடவில்லை.

கலைஞர்கள் தங்கள் ஆல்பத்தைக் கேட்போருக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இன்னொரு வசதி உண்டு. ஆல்பத்தை விலைகொடுத்து வாங்கியவர்களின் சிறுபடங்கள் அந்தப் பக்கத்திலேயே வரிசையாக இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்களெல்லாம் விரியும். விரும்பிக் கேட்பவர் பலர். காசு கொடுத்து வாங்குபவர் சிலர். நமக்குப் பிடித்த மூன்று அரிய ஆல்பங்களை வாங்கிய ஒரு முகம் தெரியாத மனிதர், நான்காவதாக எதை வாங்கியிருக்கிறார் என்று பார்ப்பதில் இருக்கும் நம்பகம், எந்தக் கணிப்புப் பொறியிலும் இல்லை.

கிடைத்த பாட்டை எடைபோடுவது எப்படி? நான் முதல் முறை கேட்டதை வைத்து எதுவும் சொல்வதில்லை. காவிடம் பட்ட பாடு போதும். இரண்டாம் முறை சொற்களை விட்டுவிட்டுக் குரல் தாளத்தில் எங்கே உட்காருகிறது என்று கவனிக்கிறேன். நம் சங்கீதத்தில் எடுப்பு என்று சொல்வோம். தாளத்துக்கு முன்பே பாட்டு தொடங்கினால் அதீதம், தாளம் விழுந்தபின் தொடங்கினால் அனாகதம். ராப்பில் நல்ல குரல்கள் இந்த இரண்டுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியும் அடி தவறாமல் தாளத்தின் தலையிலேயே விழுந்தால், அது மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். அடுத்து ஒலியியைபு. நம் காது அடியின் தொடக்கத்தில் வரும் எதுகைக்குப் பழகியது. ராப் பெரும்பாலும் அடியின் இறுதியில் வரும் இயைபில் நிற்கிறது. தேர்ந்தவர்களிடம் அது ஓரசையோடு நிற்காமல் மூன்று, நான்கு அசைகளாக நீண்டு, அடியின் நடுவிலும் எதிரொலிக்கும். ஆங்கிலம் முழுவதும் பிடிபடாத நம்மைப் போன்ற கேட்போருக்கு இது இழப்பு என்று நான் எண்ணவில்லை. பொருள் தாமதமாக வருவதால் ஓசை முதலில் வந்து சேர்கிறது. மூன்றாம் முறைதான் சொல்லுக்குப் போகிறேன். இணையத்தில் கிடைக்கும் வரிகளையும் விளக்கங்களையும் அப்படியே நம்புவதற்கில்லை. ஆங்கிலத்தோடு ஹைத்தி கிரியோல் மொழியையும் கலந்து பாடும் மாக்-ஹோமி, தம் வரிகள் அப்படிப் பதிவேறுவதையே விரும்பாதவர்.

இப்படி மூன்று முறை கேட்டபின் காவின் டிரம் எங்கே போயிற்று என்பது புரிந்தது. டிரம் செய்யவேண்டிய வேலையை அவர் மெய்யெழுத்துகளிடம் கொடுத்துவிட்டார். வல்லின ஒலிகள் விழும் இடங்களை விரலால் மேசையில் தட்டிப் பாருங்கள், தாளம் கிடைக்கும். குரல் தாழ்ந்திருப்பதும் அதனால்தான். உரக்கப் பாடினால் அந்த நுண்ணிய தட்டல்கள் கேட்காது. எடுத்த பொருளின் பாரத்தை மிச்சம் இருப்பது சுமக்கிறது என்றால் அது தெரிந்தே எடுத்தது. அவரைப் பார்த்து டிரம்மை நீக்கியவர்கள் பிறகு பலர் வந்தார்கள். அவர்களில் பலருடைய பாட்டில் டிரம் போன இடம் வெறும் பள்ளமாகவே கிடக்கிறது.

குரலைத் தெரிந்தே மாற்றுவதற்கு ராப் பாடகர் எம்.எஃப். டூம் இன்னொரு சான்று. அவரும் தயாரிப்பாளர் மேட்லிப்பும் செய்த 'மேட்விலனி' ஆல்பம் 2004இல் வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, அரைகுறை வடிவில் இணையத்தில் கசிந்துவிட்டது. கசிந்த பதிவில் டூமின் குரல் துள்ளுகிறது. வெளியான ஆல்பத்தில் அதே வரிகளை அவர் சாய்வு நாற்காலியிலிருந்து சொல்வதுபோல் தணித்துச் சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதைப்போல் ஒரு பாடம் எனக்கு எந்த விமர்சனக் கட்டுரையிலும் கிடைத்ததில்லை.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாக்-ஹோமி 2016இல் தம் ஆல்பம் ஒன்றை 300 டாலருக்கு விற்றார். தம் உழைப்புக்குத் தாமே விலை வைக்கும் உரிமை என்ற வகையில் அதை நான் மதிக்கிறேன். ஆனால் விலை ஏறியதும் கேட்பவர் மனம் ஒரு தந்திரம் செய்யும்: கொடுத்த காசுக்குப் பாட்டு நன்றாக இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும். நானும் ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிறு லேபிளிடம், எண்ணிட்ட பிரதி என்று இசைத்தட்டு ஒன்றுக்குப் பணம் கட்டினேன். பதினொரு மாதம் கழித்து, மூலை நசுங்கி வந்தது. அதை மூன்று பேரிடம் பாராட்டிப் பேசினேன். ஒரு வருடம் சென்றபின்தான், இரண்டாம் பக்கத்தை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. தமிழில் ராப் செய்யும் இளைஞர்களிடமும் நாம் இதே தவற்றை வேறு விதமாகச் செய்கிறோம். 'நம்ம பையன்' என்று தட்டிக்கொடுத்துவிட்டு, ஆல்பத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். அவரோ பாராட்டை எண்ணுகிறார், கேட்டவரை எண்ண வழியில்லை.

அடுத்து நான்கு பாடல்களை ஒலிக்கச் செய்யப்போகிறோம். பாடியவர் பெயர், கேட்டவர் எண்ணிக்கை, விலை எதையும் இப்போது சொல்லப்போவதில்லை; ஒவ்வொன்றையும் இரண்டு முறை போடுவோம், அதன்பின் பேசலாம். விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பாட்டில் டிரம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம், வராது.