நெற்றியில் கொம்பு கட்டிய களிமண் மனிதன்

(திரையில்: பொம்மையின் முகம், மிக அருகில்)

இந்த நெற்றியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் ஒற்றைக் கொம்பு. அது தலையில் முளைத்த கொம்பு இல்லை. சில பொம்மைகளில் வார் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பது தெளிவாகவே தெரியும். முழங்காலை லேசாக மடக்கி, உடம்பை இடப்பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல நிற்கிறான். செம்மண் பூச்சு பூசி, வழவழவென்று தேய்த்து மெருகேற்றிச் சுட்ட மண், உள்ளே வெறும் கூடு.

இது மேற்கு மெக்சிகோவின் கொலிமா பகுதியில் செய்தது. பக்கத்தில் இருக்கும் ஹலிஸ்கோ, நயாரித் பகுதிகளிலும் ஏறக்குறைய கி.மு. 300இலிருந்து கி.பி. 400 வரை ஒரு வழக்கம் இருந்தது: கிணறு வெட்டுவதுபோல நேராகக் குழி இறக்கி, அடியில் பக்கவாட்டில் அறை குடைந்து, செத்தவர்களை அதற்குள் படுக்க வைத்து, கூடவே இந்த மாதிரிப் பொம்மைகளையும் வைத்து மூடிவிடுவார்கள்.

சரி, இவன் யார்? ரொம்ப நாள் எல்லோரும் போர்வீரன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கையில் ஆயுதம் இருக்கிறதே! 1960களில் பீட்டர் ஃபர்ஸ்ட் என்ற மானிடவியலாளர் இதை மறுத்தார். அதே மேற்கு மெக்சிகோ மலைகளில் இன்றும் வாழும் ஹுயிச்சோல் மக்களோடு பழகியவர் அவர். அந்த மக்களுக்கு மாராகாமே என்ற பூசகர்கள் உண்டு. நோயை இறக்குவார்கள், ராத்திரி முழுக்கப் பாடுவார்கள், பெயோட்டே என்ற போதைதரும் கள்ளியைத் தின்று தெய்வங்களோடு பேசுவார்கள், செத்தவரின் உயிருக்கு வழிகாட்டுவார்கள். இந்தப் பொம்மையும் அப்படி ஓர் ஆள்தான், ஆவிகளோடு பேசும் பூசகன், அதாவது ஷாமன்தான், கொம்பு அவனுடைய சக்திக்கு அடையாளம், அவன் சண்டை போடுவது கெட்ட ஆவிகளோடு, கல்லறைக்குள் அவன் நிற்பது காவலுக்கு என்றார் ஃபர்ஸ்ட். கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் விளக்கம், அதனால்தான் இன்றும் பல அருங்காட்சியகங்களில் இதற்கு ‘ஷாமன்’ என்றே பெயர் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ஷாமன் என்ற சொல்லே சைபீரியாவிலிருந்து வந்தது. அதை இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கொலிமாக்காரன் தலையில் வைக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். பின்னால் வந்த மார்க் மில்லர் கிரஹாம் என்ற ஆய்வாளர் அந்தக் கொம்பு ஒரு சங்கின் முனை என்றார்; சங்கு அணிவது தலைவனின் அடையாளம், ஆகவே இவன் ஊர்த்தலைவன் என்பது அவர் வாதம்.

(திரையில்: குழியின் குறுக்குவெட்டு)

1993இல் ஹலிஸ்கோவில் ஹுயிட்சிலாபா என்ற இடத்தில் திருடர் கை படாத ஒரு கல்லறை கிடைத்தது. குழியின் ஆழம் 7.6 மீட்டர், அடியில் இரண்டு அறைகள், ஆறு பேர். அதில் முக்கியமான ஆணுக்கு அணிகலன்களோடு சங்குகளையும் வைத்திருந்தார்கள், பக்கத்திலேயே பொம்மைகள், உணவுப் பாத்திரங்கள். சங்கும் தலைமையும் சேர்ந்தே போவது அங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். ஊரை நடத்துகிறவனும் செத்தவர்களை வழியனுப்புகிறவனும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது நம் காலத்துக் கணக்கு. சங்கைக் கட்டிக்கொண்டு தலைவனாக உட்கார்ந்தவனே ராத்திரி ஆவியோடு மல்லுக்கட்டியும் இருக்கலாம்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு விஷயத்தில். இந்தப் பொம்மைகளில் மிகப் பெரும்பாலானவை கல்லறைத் திருடர்கள் தோண்டி விற்றவை. யாருடைய தலைமாட்டில் இருந்தான், கூட எத்தனை பேர், எந்த வாசலைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள், எல்லாம் அந்தக் குழியோடு போய்விட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இவன் இன்னமும் தடியை ஓங்கியபடி இடப்பக்கம் திரும்பித்தான் நிற்கிறான், அந்தப் பக்கம் இப்போது இருப்பது வெறும் சுவர்.