நெல் விளையும் ஊருக்கு இயந்திரக் கடன்

(கும்பகோணத்தில் சிறுதொழில் செய்வோர் கூட்டத்தில் பேசியது)

கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கும் பெரியவர்களுக்கும், தொழில் தொடங்கும் எண்ணத்தோடு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இந்த ஊரில் 1904லேயே கும்பகோணம் பாங்க் தொடங்கிவிட்டார்கள். இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான். பணம் புழங்காத ஊர் இல்லை இது. அப்படியிருக்க, 1949இல் சென்னை மாகாண அரசு தொழிலுக்குக் கடன் கொடுக்கத் தானே ஒரு முதலீட்டுக் கழகத்தை ஏன் ஆரம்பித்தது?

அந்தக் காலத்து வங்கி நகை மேல் கொடுக்கும், கிடங்கில் இருக்கும் நெல் மூட்டை மேல் கொடுக்கும். அறுவடை முடிந்து நெல் விற்றதும் பணம் திரும்பிவிடும். ஆனால் ஆலை வைக்க வேண்டும், பாய்லர் வாங்க வேண்டும் என்று போனால் கதை வேறு. இயந்திரத்தில் போட்ட காசு திரும்ப ஏழெட்டு வருஷம் பிடிக்கும். டெபாசிட் போட்டவர் எந்த நேரத்திலும் வந்து கேட்கலாம் என்ற நிலையில், அந்தப் பணத்தை வங்கி அத்தனை வருஷம் எப்படி முடக்கும்? அதைக் குற்றம் சொல்ல முடியாது. நீண்ட காலக் கடனுக்கென்றே தனி நிறுவனம் தேவைப்பட்டது.

பெரிய ஆலைகளுக்காக மத்திய அரசு 1948இல் இந்தியத் தொழில் நிதிக் கழகத்தை அமைத்தது. மாநிலங்கள் இப்படிக் கழகம் வைக்கலாம் என்ற மாநில நிதிக் கழகங்கள் சட்டம் வந்தது 1951இல். நம் மாகாணம் அதற்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பே கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து வேலையைத் தொடங்கிவிட்டது. அதுதான் இன்றைய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம். நாட்டில் இந்த வகையில் முதலாவது. இதை நம் பிள்ளைகளுக்குப் பாடத்தில்கூட யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்த 1951 சட்டத்தின் 29ஆவது பிரிவை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தவணை தவறினால் கோர்ட்டுக்குப் போகாமலே ஆலையைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை அது கழகத்துக்குத் தருகிறது. கடுமையானதுதான். ஆனாலும் கொடுத்தது பொதுப்பணம். அந்த அதிகாரம் இருப்பது சரி என்றே நினைக்கிறேன். அதற்கு முன் உட்கார்ந்து பேசித் தவணையை மாற்றிக்கொடுக்கும் மனசும் வேண்டும்.

பிறகு அரசு வேறு கழகங்களையும் அமைத்தது. கூட்டு முதலீட்டுக்கு 1965இல் டிட்கோ, சிறுதொழில் பேட்டைகளுக்கு 1970இல் சிட்கோ, பெரிய தொழில் வளாகங்களுக்கு 1971இல் சிப்காட். டாடாவோடு டிட்கோ கைகோத்ததில்தான் டைட்டன் கடிகார நிறுவனம் பிறந்தது. 1991க்குப் பிறகு மலிவான நிதி வற்றிப்போய், பல மாநிலங்களின் நிதிக் கழகங்கள் நொடித்துவிட்டன. நம்முடையது தாக்குப்பிடித்து நிற்கிறது.

சரி, டெல்டாவுக்கு வருவோம். ராணிப்பேட்டையும் ஓசூரும் வளர்ந்த மாதிரி நாம் வளரவில்லை, வளரவும் வேண்டாம். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, புதிதாக ஹைட்ரோகார்பன் கிணறு, தோல் ஆலை போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை என்று ஆகிவிட்டது. நல்லது. அப்படியானால் நமக்கு மிச்சம் இருப்பது விளைச்சலைச் சார்ந்த தொழில். தவிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைத்த சில மணி நேரத்திலேயே அது காறல் எடுக்க ஆரம்பிக்கும். உடனே பக்குவப்படுத்தினால் சமையல் எண்ணெய். தாமதித்தால் மாட்டுத் தீவனம். ஆலை பக்கத்திலேயே இருக்க வேண்டிய தொழில் இது. உமியும் இங்கேயே கிடைக்கிறது, பாய்லருக்கு வெளியே எரிபொருள் தேட வேண்டாம். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் 1967லேயே திருவாரூரில் தொடங்கி, பிறகு தஞ்சாவூருக்கு வந்து, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. படிப்பும் நெல்லும் பக்கத்திலேயே இருக்கும்போது, பல மூட்டைகள் நெல்லாகவே வெளியூர் போகின்றன.

முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 2012 முதல் மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது. பட்டம், பட்டயம், ஐடிஐ எது படித்திருந்தாலும் கேட்கலாம். திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. திட்ட அறிக்கையை வேறு யாரிடமோ எழுதி வாங்காமல், வரவு செலவை நீங்களே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

தொழில் முதலீட்டுக் கழகத்திடம் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கே ஆலைக்கு நெல் வரத்து குறுவைக்கு ஒரு முறை, சம்பாவுக்கு ஒரு முறை. மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போகும். வருஷம் முழுக்க ஒரே சீராகத் தவணை கேட்டால் ஆலைக்காரர் வைகாசியில் எங்கே போவார்? அறுவடையை ஒட்டித் தவணை அமையட்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் மேசையில் படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.