எந்தக் காடு?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் நிலம் என்றால் வயல், காடு என்றால் சுடுகாடு. வேறு காட்டை நாங்கள் கண்டதில்லை. அப்படிப்பட்டவளை 1986-இல் சேலத்தை ஒட்டி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து போக வேண்டிய ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போட்டார்கள்.

போய்ச் சேர்ந்தது ஆடி மாதம். முதல் வாரமே நான்காம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவிடம் விசாரித்தேன். சேலத்துப் பக்கம் பாட்டியை ஆயா என்பார்கள். "காட்டுக்குப் போயிருக்குதுங்க டீச்சரு" என்றார். கரடி உலாவுகிற காட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இவர் பாட்டுக்கு வெற்றிலை மடிக்கிறாரே என்று எனக்குப் பதறிப்போயிற்று. தேடிக்கொண்டு ஓடினால், வீட்டுக்குப் பின்னால் சரிவில் பிள்ளைகள் சாமைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் முழுக்க மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பேர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தை மாதம் மறுபடியும் அதே பதில். இந்த முறை நான் விவரம் தெரிந்தவள். நேராகச் சரிவுக்குப் போனேன். ஓர் ஆள் இல்லை. கடுக்காய் பொறுக்க நிஜக் காட்டுக்கே போய்விட்டார்கள்.

"எந்தக் காடுன்னு எப்படி ஆயா தெரிஞ்சுக்கறது?"

"கையில என்னா கொண்டு போறாங்கன்னு பாருங்க டீச்சரு. களைக்கொத்து எடுத்துக்கிட்டா இந்தக் காடு. சாக்கு எடுத்துக்கிட்டா அந்தக் காடு."

இந்த மக்களுக்கு மலையாளி என்று பேர். உடனே கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையில் வாழ்பவர் மலையாளி, பேசுவது தமிழ். சாதிச் சான்றிதழ் கேட்டு அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் இந்த விளக்கத்தை எத்தனை முறை சொல்லியிருப்பார்களோ! 2011 கணக்கெடுப்பில் இவர்கள் ஏறக்குறைய 3.5 லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே பெரிய கூட்டம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்ததாகவும், பெரியண்ணன் சேர்வராயனிலும் நடுவண்ணன் பச்சைமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கியதாகவும் அவர்களே கதை சொல்வார்கள். மலைக்கு மேல் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடு, அதாவது ஊர்களின் தொகுதி, உண்டு.

அந்தச் சாமைக் காட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயல் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது ஒரே அலங்கோலமாகத்தான் பட்டது. சாமைக்கு நடுவே துவரை, துவரையைச் சுற்றி மொச்சைக் கொடி, ஓரத்தில் ஆமணக்கு. நட்ட நடுவில் ஒரு பலா மரம். ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். தாத்தா காலத்து மரம் என்றார்கள், அதற்கு மேல் காரணம் தேவை இல்லாதது போல. அதற்கு மேலே இருந்த துண்டு நிலம் சில வருஷமாகச் சும்மா கிடந்து புதர் மண்டியிருந்தது. அதற்கும் மேலே பெரிய மரங்கள். காடு எங்கே முடிந்தது, காடு எங்கே தொடங்கியது? சங்கப் பாட்டில் வரும் தினைப்புனமும் இப்படித்தான் இருந்திருக்கும். கிளி ஓட்டும் பெண்ணைப் பற்றி வகுப்பில் பத்து வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு புனத்தைக் கண்ணால் பார்க்காமலே.

கோடு போட்டவர்கள் பிறகு வந்தார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். காபிக்கு எஸ்டேட், எஸ்டேட்டுக்கு வேலி. 1882-இல் சென்னை வனச்சட்டம்; அரசு தனக்கென்று ஒதுக்கிய காப்புக்காட்டுக்கு எல்லைக் கல். கல்லுக்கு இந்தப் பக்கம் பட்டா, அந்தப் பக்கம் குற்றம். சாக்கோடு போனவர் ஒரே நாளில் திருடராகிவிட்டார். காபிக்கு நிழல் வேண்டுமென்று சில்வர் ஓக் வந்தது, ஆஸ்திரேலியா மரம். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் "ஆகா, என்ன காடு!" என்று படம் எடுக்கிறார்கள். அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்காக உச்சியையே சுரண்டிய காலமும் உண்டு.

உச்சியில்தான் சேர்வராயன் கோயில். குனிந்தே போக வேண்டிய குகை. உள்ளே சேர்வராயன், பக்கத்தில் காவேரியம்மன். குகை வழி காவிரிக்குப் போகிறது என்பது நம்பிக்கை. நான் முதலில் சிரித்தேன். ஆனால் பாருங்கள், சேலம் நகரத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறும் அந்தப் பக்கம் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து காவிரியில்தான் விழுகின்றன. யாரோ ஒரு முன்னோர் மழைத் தண்ணீர் போகிற போக்கை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கதையைக் கட்டியிருக்கிறார். அந்த ஆறு ஊருக்குள் வந்த பிறகு நாம் அதை என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது சேலத்து நேயர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டாம்.

2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடிகளுக்குச் செய்யப்பட்டது வரலாற்று அநீதி என்று அந்தச் சட்டமே தன் முகவுரையில் ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு அதில் உரிமை உண்டு. கடுக்காய், தேன், புளி எடுக்கவும் உண்டு. யாருக்கு உரிமை என்ற பேச்சைக் கிராம சபையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கு, தடை என்று பல வருஷம் இழுத்தது.  எங்கள் காடு வன நிலமா, விவசாய நிலமா, மனுவில் என்னவென்று எழுதுவது என்று என் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

போன வருஷம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். இப்போது பஸ் ஊர் வரைக்கும் போகிறது. ஆயா இல்லை. பலா மரம் இருக்கிறது. சரிவில் சாமை இல்லை. அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் குழந்தை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"அம்மா எங்கே பாப்பா?"

"காட்டுக்கு."

"எந்தக் காடு?"

"காப்பிக் காடு."

பழைய ஞாபகத்தில் கேட்டேன்: "கையில என்ன எடுத்துட்டுப் போனாங்க?"

"ஒண்ணும் எடுத்துட்டுப் போகல. அங்கியே குடுப்பாங்க."