வாலைப் பார்த்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, வண்டி எங்கே வருகிறது என்று கைப்பேசியைத் தடவாதவர் இன்று உண்டா? அந்தக் கேள்வியைக் கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். ரயில்வேயில், ஒரு பகுதிப் பாதையின் வண்டிகளைக் கண்காணித்து நடத்தும் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றேன்.

மேசையில் அகலமான தாள், பென்சில், அடிக்கோல். ஸ்டேஷன் மாஸ்டர்கள் தொலைபேசியில் வண்டி கடந்த நேரத்தைச் சொல்லச் சொல்ல, வண்டி எந்நேரம் எங்கே என்று நாங்கள் தாளில் கோடு இழுத்துக்கொண்டே போவோம். தாளை வானொலியில் காட்ட வழியில்லை, விட்டுவிடுகிறேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவே வண்டி எங்கே என்றால், அது ஆண்டவனுக்கும் ஓட்டுநருக்கும்தான் வெளிச்சம்.

ஒரு மழைக்கால இரவு. சரக்கு வண்டி ஒன்று 12 நிமிடத்தில் கடக்க வேண்டிய தூரம். 40 நிமிடம் ஆகியும் வரவில்லை. "வந்ததா?" என்பேன். "இன்னும் இல்லை சார்" என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி, அதே பதில். கடைசியில், வண்டியின் வால்பெட்டியில் வரும் ஊழியரான கார்டு நனைந்தபடி பாதையோரத் தொலைபேசிவரை நடந்து வந்து பேசினார்: "பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்து வண்டி இரண்டாகிவிட்டது சார்." பிரேக் குழாய் பிரிந்ததால் இரண்டு பாதியும் தாமாகவே நின்றிருந்தன. யாருக்கும் காயமில்லை; என் பென்சில் முனைதான் உடைந்தது.

இன்று அந்தப் பென்சிலுக்கு வேலை குறைந்துவிட்டது. இஸ்ரோவின் துணையோடு வந்த, வண்டியின் இருப்பிடத்தை உடனுக்குடன் சொல்லும் ஆர்டிஐஎஸ் கருவி எஞ்சினில் இருந்துகொண்டு, 30 விநாடிக்கு ஒரு முறை இடத்தையும் வேகத்தையும் அனுப்பிவிடுகிறது. முதல் கட்டத்திலேயே 2,700 மின்சார எஞ்சின்கள். கோடு கணினியில் தானாக விழுகிறது. வடக்கே பனிமூட்டத்தில், அடுத்த சிக்னல் நெருங்குவதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லும் ஜிபிஎஸ் பெட்டியும் உண்டு.

அப்படியானால் விபத்தே நடக்காதா என்று என் பேரன் கேட்டான். அங்கேதான் எனக்கு வழக்கு. அந்த மழை இரவில் இந்தக் கருவி இருந்திருந்தால், எஞ்சின் நின்றது எனக்குத் தெரிந்திருக்கும். அறுந்த வால் எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருக்காது. கருவி இருப்பது தலையில் அல்லவா? அதனால்தான் ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் நிலையத்தில் ஒருவர் கடைசிப் பெட்டி என்று காட்டும் பலகையை, இரவில் சிவப்பு விளக்கை, கண்ணால் பார்க்கிறார். வால் வந்தால்தான் வண்டி வந்தது. திரும்பச் சொல்கிறேன்: வால் வந்தால்தான் வண்டி வந்தது.

இன்னொன்று. இரட்டைப் பாதையில் இரண்டு தடங்களின் மையங்களுக்கு நடுவே ஏறக்குறைய 5 மீட்டர்தான். சாதாரண ஜிபிஎஸ் பிசகுவதும் சில மீட்டர். நெடுஞ்சாலையில் அது பெரிதில்லை. தண்டவாளத்தில், வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது என்பதே உயிர்க் கேள்வி.

வானொலி நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார். வண்டிகள் மோதாமல் காக்கும் கவச் என்ற தானியங்கி அமைப்பு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: அது தடத்தை அறிவது ஸ்லீப்பர் கட்டைகளில் பதித்த மின்னணுச் சில்லுகளால், பேசுவது ரேடியோவில், ஓட்டுநர் சிவப்பைத் தாண்டப் பார்த்தால் தானே பிரேக் போடும். அதில் செயற்கைக்கோளின் முக்கிய வேலை, எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரத்தில் ஓடவைப்பது. என் கடிகாரம் முடிந்துவிட்டது. வணக்கம்.