800 எப்படி 1300 ஆனது? ஜாயினும் சம்மும்

வணக்கம். போன வீடியோவில், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் (SQL) குரூப் பை (GROUP BY), அதாவது வரிசைகளைக் குழுவாகச் சேர்ப்பதைப் பார்த்தோம். வாடிக்கையாளர் எண்ணை வைத்துக் குரூப் பை, தொகையைக் கூட்ட சம் (SUM). ஒருவருக்கு நூறு வரிசை இருந்தாலும் விடையில் ஒரே வரிசை. இன்றைக்கு, பிழைச் செய்தி எதுவும் வராமலே மொத்தம் தப்பாக வரும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன்.

திரையைப் பாருங்கள். ஆர்டர் டேபிளில் இரண்டே வரிசைதான்: 500, 300. கூட்டினால் 800. அப்புறம் பேமென்ட் டேபிள். 500 ஆர்டருக்கு 200, 300 என்று இரண்டு தவணை வந்திருக்கிறது. மற்றதற்கு ஒரே தவணை, 100. இரண்டு டேபிளையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் (JOIN) செய்து, அதாவது பொருந்தும் வரிசைகளை இணைத்து, ஆர்டர் தொகைக்கு சம் போடுகிறேன். 1300!

சம்மை எடுத்துவிட்டு, வெறும் வரிசைகளை மட்டும் பார்ப்போம். மூன்று வரிசை இருக்கிறதா? 500 இரண்டு தடவை நிற்கிறது, தவணைக்கு ஒன்றாக. ஜாயின் முடிந்த பிறகுதான் கூட்டல் நடக்கும். வந்து நின்ற மூன்றையும் சம் சரியாகத்தான் கூட்டியிருக்கிறது.

உடனே சம்முக்குள் டிஸ்டிங்ட் (DISTINCT), அதாவது ஒரே மதிப்பை ஒரு தடவை மட்டும் எடு என்று போடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அதே 500க்கு இன்னொரு ஆர்டர் இருந்தால் அதுவும் கணக்கில் விழாது. ஒரு மாத அறிக்கையில் நான் இப்படிப் போட்டுவிட்டேன். பார்க்க நம்பும்படியான தொகைதான் வந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

பேமென்ட்டை முதலில் தனியாக, சப்குவெரியில் (கேள்விக்குள் இன்னொரு கேள்வி), ஆர்டர் எண் வாரியாகக் கூட்டிச் சுருக்கிவிடுங்கள். ஆர்டருக்கு ஒரு வரிசை ஆன பிறகு ஜாயின். இதோ: ஆர்டர் 800, வந்தது 600, பாக்கி 200.

பணமே வராத ஆர்டரும் பட்டியலில் வேண்டும் அல்லவா? லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) போடுங்கள், இடப்பக்க ஆர்டர் டேபிளின் எல்லா வரிசையும் வரும். அந்த ஆர்டருக்கு எதிரே 0 வராது, நல் (NULL), அதாவது மதிப்பே இல்லை என்று வரும். தொகையிலிருந்து நல்லைக் கழித்தால் விடையும் நல். அதையும் சம் கூட்டாமல் விட்டுவிடும். ஒரு பைசா தராதவருடைய பாக்கிதான் மொத்தத்தில் காணாமல் போகும்! அதனால் வந்த தொகையை கோஅலெஸ்ஸுக்குள் (COALESCE) வைத்து, நல் வந்தால் 0 என்று சொல்லிவிட்டு, அப்புறம் கழியுங்கள்.

இன்னொன்று, பேமென்ட்டைச் சுருக்காமல் லெஃப்ட் ஜாயின் செய்து ஆர்டர் வாரியாகத் தவணைகளை எண்ணும்போது, கவுண்ட்டுக்குள் (COUNT) நட்சத்திரம் போட்டால், அது வரிசைகளை எண்ணுவதால் அந்த ஆர்டருக்கு 1 தவணை என்று காட்டும். பேமென்ட் எண்ணைப் போடுங்கள், 0 வரும்.