வந்திருக்கணுமே! வந்திருக்கக் கூடாதா!

நேயர்களுக்கு வணக்கம். மாட்ரிட் ரயில் நிலையத்தில் ஒருவருக்காகக் காத்திருக்கிறீர்கள். வண்டி வந்து நின்றுவிட்டது, ஆளைக் காணோம். ‘ஒஹலா ஆயா வெனீதோ’ என்பார் ஸ்பானிஷ்காரர்: வந்திருக்கணுமே! நடைமேடை காலியான பிறகு, ‘ஒஹலா உபியேரா வெனீதோ’: வந்திருக்கக் கூடாதா! முதலாவதைச் சொல்லும்போது முடிவு தெரியாது. இரண்டாவதில் அவர் வரவில்லை என்பது தெரிந்துபோயிற்று. விருப்பம், ஐயம், ஏக்கம் ஆகியவற்றுக்கான சுப்ஹுந்தீவோ வினையின் முற்றுப்பெற்ற வடிவங்கள் இந்த இரண்டும்தான்.

பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ‘அபேர்’ என்னும் துணைவினை, ‘நான்’ தொடங்கி ‘அவர்கள்’ வரை இப்படி மாறும்: ஆயா, ஆயாஸ், ஆயா, ஆயாமோஸ், ஆயாய்ஸ், ஆயான். ‘ஆயாய்ஸ்’ ஸ்பெயினுக்கு மட்டும். லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்திலும் ‘ஆயான்’தான். பேச்சில் சிலர் ‘ஆயா’வை ‘ஐகா’ என்பார்கள், கொச்சை. உள்நாட்டுப் போர் 1939-இல் முடிந்தபின், திடீர்ப் பணக்காரர்கள் ‘இருப்பதிலேயே பெரிய கார்’ கேட்கும்போது, ‘இருப்பது’ என்ற இடத்தில் ‘ஐகா’ என்றார்களாம். பகட்டான காருக்கே ‘ஐகா’ என்று பெயர் வந்துவிட்டது.

துணைவினைக்குப் பின்னால் எச்சம்: அப்லாதோ, கொமீதோ, விவீதோ. எச்சோ, தீச்சோ, விஸ்தோ, எஸ்க்ரீதோ போன்றவை விதிக்கு அடங்காதவை, மனப்பாடம்தான். வந்தவர் பெண்ணானாலும் ‘வெனீதோ’தான், ‘வெனீதா’ ஆகாது. ‘நோ’ துணைவினைக்கு முன்னால் நிற்கும், நடுவில் நுழையாது.

நம்மவர் சறுக்கும் இடம் வேறு. ‘நீ சாப்பிட்டிருப்பாய் என்று நம்புகிறேன்’ என்பதில் ‘இருப்பாய்’ எதிர்கால வடிவம். அதனால் கை தானாக ‘அப்ராஸ் கொமீதோ’ என்று எழுதிவிடும். ‘எஸ்பெரோ கே’ வந்துவிட்டால் ‘ஆயாஸ் கொமீதோ’தான். இனி நடக்கப்போவதற்கும் அதே கதை: ‘நீ முடித்ததும் கூப்பிடு’ என்றால், ‘குவாந்தோ ஆயாஸ் தெர்மினாதோ, யாமமே’. ‘க்ரேயோ கே’, அதாவது ‘என்று நினைக்கிறேன்’, சாதாரண வினையை எடுக்கும். முன்னால் ‘நோ’ சேர்ந்ததும் ‘ஆயா’ வந்துவிடும்.

கடைசியாக, ‘கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்’: ‘சி உபியேராஸ் யமாதோ, அப்ரீயா ஈதோ’. பின்பாதியில் ‘உபியேரா ஈதோ’ என்றாலும் சரியே. ஆனால் நிபந்தனைச் சொல்லான ‘சி’யை ஒட்டி ‘அப்ரீயா’ வரவே கூடாது. பாஸ்க் பகுதியிலும் புர்கோஸிலும் தாய்மொழிக்காரர்களே அப்படிப் பேசக் கேட்பீர்கள். தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும்.