ஓரளவு திருப்தி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். கூடவே ஒரு துணைத் தொழிலும் வைத்திருந்தேன். அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பார்களே, கருத்துக்கணிப்பு, அந்த வேலை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமெல்லாம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அலைந்திருக்கிறேன். டெல்லியில் இருக்கிற அரசைப் பற்றி டெல்டா மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். எந்தக் கட்சிக்கும் நான் மார்க் போட வரவில்லை. மார்க் எப்படி விழுகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவன், அதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தாளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். மத்திய அரசின் செயல்பாட்டில் நீங்கள் மிகவும் திருப்தியா, ஓரளவு திருப்தியா, ஓரளவு அதிருப்தியா, மிகவும் அதிருப்தியா? நாலு கட்டம். நான் போன ஊர்களில் டிக் அதிகம் விழுந்தது இரண்டாவது கட்டத்தில். ஆட்சி மாறும், கட்டம் மாறாது. முதல் சில வருஷம் அதை நானும் கருத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, அது உபசாரம். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தவர், வந்தவன் முகம் சுண்டிப் போகாமல் ஒரு பதிலும் கொடுத்து அனுப்புகிறார். தாளும் பேனாவுமாக வருகிறவன் யாரோ, எவரோ, முதியோர் பென்ஷனில் கைவைத்துவிடுவானோ என்ற பயமும் அதில் கலந்திருக்கும். வீட்டுப் பெண்களைக் கேட்டால் "அவுங்களக் கேட்டுக்குங்க சார்" என்பார்கள். அவுங்க வயலில் இருப்பார்.

இன்னொரு சங்கடம் 2021-க்குப் பிறகு வந்து சேர்ந்தது. நான் "மத்திய அரசு" என்று ஆரம்பித்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், "ஒன்றிய அரசு" என்றால் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். கேள்வி முடிவதற்குள் நான் எந்தக் கட்சி என்று முடிவு கட்டிவிடுவார்கள், பதிலும் அதற்குத் தக்கபடி வரும். கடைசியில் ஊரார் சொல்கிறபடியே "டெல்லி" என்று கேட்க ஆரம்பித்தேன். தாளில் அப்படி இல்லை என்று மேற்பார்வையாளர் கோபித்துக்கொண்டார். இன்றைக்கும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். முற்றிய சம்பா சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்தது. அந்த மாசியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், கொள்முதல் நிலையத்துக்கு வெளியே ரோட்டில் நெல்லைக் காயப் போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர். ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர், கோயில் குத்தகை. அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

"எதக் கேக்குறீங்க சார்? வெலையக் கேக்குறீங்களா, தண்ணியக் கேக்குறீங்களா, உள்ள வச்சிருக்கான் பாருங்க, அந்த மிஷினக் கேக்குறீங்களா?"

மிஷின் என்றது ஈரப்பதம் பார்க்கிற மீட்டரை. அவரோடு நானும் உள்ளே போனேன். பட்டியல் எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி மீட்டரில் போட்டுப் பார்த்தார். 19.4. ஒன்றும் சொல்லாமல் நெல்லைத் திருப்பிக் குவியலில் கொட்டினார். பெரியவர் வெளியே வந்து என்னிடம், "முந்தாநாள் இருவத்தொண்ணு. இன்னிக்குப் பத்தொம்பது. நாளைக்கு மழையின்னு ஒங்க ரேடியோதான் சொல்லுது. பதினேழுக்கு எப்ப சார் வரும்?" என்றார். அப்புறம் அந்தப் பட்டியல் எழுத்தரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். டெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பது டெல்லி உணவுத் துறை போட்ட விதி. அதை மாற்ற மீட்டர் பிடிக்கிறவருக்கும் அதிகாரமில்லை, சென்னைக்கும் இல்லை. மழை பெய்தால் 22 வரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மாநிலம் கடிதம் எழுதும். டெல்லியிலிருந்து குழு வரும், நிலையம் நிலையமாக மாதிரி எடுக்கும், அது ஆய்வகத்துக்குப் போகும், பிறகு தளர்வு வந்தால் வரும். அதற்குள் வெயிலடித்து நெல் காய்ந்துவிட்டிருக்கும், இல்லாவிட்டால் வியாபாரி வந்து அடிமாட்டு விலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

விலையும் அப்படித்தான். அந்தப் பருவத்தில் சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு டெல்லி வைத்த ஆதார விலை 2,040 ரூபாய். மாநிலம் ஊக்கத்தொகையாக 75 ரூபாய் போட்டது. ஆக 2,115. நாற்பது கிலோ மூட்டைக்கு 846 ரூபாய். பெரியவருக்கு அந்த 846 தெரியும். அதில் எது யார் காசு என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. வாங்குவது மாநிலத்தின் வாணிபக் கழகம், போர்டில் இருப்பதும் அந்தப் பெயர்தான். ஆக, டெல்லி வைத்த விலைக்கான நல்ல பெயர் மாநிலத்துக்குப் போகிறது. டெல்லி வைத்த பதினேழுக்கான வசவு பட்டியல் எழுத்தருக்குப் போகிறது. டெல்லிக்கு மிஞ்சுவது "ஓரளவு".

அன்றைக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்பீர்கள். "போட்டுக்குங்க சார், எதையாவது."

விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2019-ல் அறிவித்த திட்டம். இதில் டெல்லியின் பெயர் மறைவதில்லை, தவணை ஏறியதும் செல்போனில் செய்தியே வந்துவிடும். ஆனால் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றையெல்லாம் உழுகிறவர் குத்தகைக்காரர். பெரியவரிடம் கேட்டேன். "பட்டா சாமி பேர்ல இருக்கு. சாமிக்கு பேங்க்ல கணக்கு இல்ல" என்று சிரித்தார். பக்கத்து வயலின் சொந்தக்காரர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் இருக்கிறார், அவருக்கு வருகிறது. ஒரே வரப்பு. இந்தப் பக்கம் ஒரு கருத்து, அந்தப் பக்கம் ஒரு கருத்து. நம் தாளில் "நிலம் உண்டா" என்று ஒரு கேள்வி இருந்தது. "யார் நிலம்" என்று இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போன பெண்களைக் கேட்டால் பேச்சே வேறு. அவர்களுக்கு டெல்லி என்பது சம்பளம் ஏறுகிற தேதி. 2024 நவம்பர் கடைசியிலிருந்து பல மாதம் தமிழ்நாட்டில் கூலி நிலுவையில் நின்றபோது, என்னிடம் ஓர் அம்மா வாய்தா வாய்தாவாக நாள் சொன்னார், காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அறிவித்த கூலி 319 ரூபாய் என்பதும், வேலையை அளந்து பார்த்துக் கையில் தருவது அதைவிடக் குறைவு என்பதும் அவருக்கு மனப்பாடம். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ எடுத்து வருகைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, டவர் கிடைக்காவிட்டால் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடப்பார். அதே தெருவில் பத்து ஏக்கர் வைத்திருப்பவர் என்ன சொன்னார் தெரியுமா? "நூறு நாள் வேலையக் கொண்டாந்து நடவுக்கு ஆளில்லாமப் பண்ணிட்டாங்க சார்." அவரும் இரண்டாவது கட்டம். அந்த அம்மாவும் இரண்டாவது கட்டம்.

பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒரு வரி. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், மீதியை இரண்டு அரசும் போடுகின்றன. மகசூலைக் கணக்கிடுவது கிராமம் முழுவதற்கும். உன் வயலில் விளைச்சல் குறைந்தாலும் ஊர் சராசரி குறையவில்லையென்றால் அந்தக் கணக்கில் ஒன்றும் வராது. இதை விளக்கிச் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த வருஷமும் அதே கேள்வியைக் கேட்பார்கள், நியாயம்தானே.

காவிரிக்கு வருவோம். காலையில் இந்த ரேடியோவில் மேட்டூர் நீர்மட்டம் சொல்லும்போது டீக்கடையில் பேச்சு நிற்கும். டெல்லி மீதான அபிப்பிராயமும் அந்த அடிக்கணக்கோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆனால் எந்த டெல்லி? காவிரி விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1983-ல். நடுவர் மன்றம் அமைந்தது 1990-ல், இடைக்காலத் தீர்ப்பு 1991-ல், இறுதித் தீர்ப்பு 2007-ல், அது அரசிதழில் வந்தது 2013-ல். உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று குறைத்துச் சொன்னதும், மேலாண்மை ஆணையம் வந்ததும் 2018-ல். இதற்குள் டெல்லியில் எத்தனை பிரதமர்கள், எத்தனை கூட்டணிகள்! தாத்தா போட்ட வழக்குக்குப் பேரன் காலத்தில் தண்ணீர் வருகிறது. ஐந்து வருஷ ஆட்சிக்கு மார்க் போடச் சொன்னால் கடைமடைக்காரர் முழிக்காமல் என்ன செய்வார்? வேதாரண்யம் பக்கம் ஒருவர் என்னிடம், "ஜூன் 12-க்கு மேட்டூரத் தொறந்தா நல்ல கவருமெண்டு" என்றார். எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாம் "ஓரளவு" என்று நினைத்துவிடாதீர்கள். இதே மக்கள் நாலு கட்டத்தையும் தூக்கி எறிந்ததையும் பார்த்திருக்கிறேன். 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் எரிவாயுவும், எடுக்கப்போகிறார்கள் என்றதும் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை. 2023 மார்ச் கடைசியில் ஏலம் விடப்போகும் நிலக்கரிப் பகுதிகள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரத்தநாடு பக்கம் வடசேரியும் இருந்தது. பத்தே நாளில், ஏப்ரல் 8-ல், அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று டெல்லியிலிருந்து அறிவிப்பு வந்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, எல்லாக் கொடியும் ஒரே பக்கம் நின்றன. அந்தப் பத்து நாளில் யாரும் தாள் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகவில்லை.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை, பழைய தொழில் விடமாட்டேன் என்கிறது. நாடு முழுக்கப் பத்தாயிரம் பேரைக் கேட்டோம் என்று டிவியில் சொல்வார்கள். 2024-ல் மொத்த வாக்காளர் ஏறக்குறைய 97 கோடி, தமிழ்நாட்டில் 6.2 கோடி. அந்தக் கணக்கில் நமக்குப் பங்கு 640 பேர். அதை 39 தொகுதிக்குப் பிரித்தால் தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றும் சேர்ந்து ஐம்பது பேர் தேறும். ஐம்பது பேரை வைத்துச் சொன்னால் பதினான்கு சதவீதம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிசகும். நாட்டின் மனநிலை அதில் தெரியலாம். டெல்டா தெரியாது. 1977-ல் வடக்கே காங்கிரஸைத் துடைத்தெறிந்தபோது, தமிழ்நாடு அந்தக் கட்சி இருந்த கூட்டணிக்கே அள்ளிக் கொடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். தாளின் கடைசியில் "வேறு கருத்து ஏதேனும்" என்று ஒரு கோடு இருக்கும், விரற்கடை நீளம். அவர் நெல்லைக் கிளறிக்கொண்டே அரைமணி நேரம் பேசினார். ஏரிப் பாசனம், உர மூட்டை விலை, கேஸ் சிலிண்டர், பேரன் துபாய் போனது, கஜா புயலில் விழுந்த தென்னை. கோடு போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினேன். அனுப்பி மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பின்பக்கத்தில் எழுதுவதைக் கணினியில் ஏற்ற இடமில்லை, இனிமேல் எழுத வேண்டாம் என்றார்கள்.

அன்றிலிருந்து தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். இப்போது அது நாலு நோட்டு. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் எடைக்குப் போன தேதி இருக்கிறது. ஐந்தாம் நாள், ஈரம் 16.8. நாற்பத்திரண்டு மூட்டை.

வணக்கம்.